இடது பக்கத்துக் குழாய்

எங்கள் குளியலறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு மாதம்போல நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. தாழ்ப்பாள் சமையலறை இழுப்பறையில், பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கழற்றியது நான்தான். கோபத்தில் கழற்றினேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் பிளம்பர் மேல், வால்வு மேல், அந்த வால்வை அனுப்பி வைத்த மகள் மேல், கொஞ்சம் என் வீட்டுக்காரர் மேலும்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. நானும் அவரும்தான். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். நான் தி.நகரில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அதே தி.நகரில் அவருக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருந்தது. புடவையோடு போனால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கிற கடை. உள்ளே மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. பக்கவாதம். கையும் காலும் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. இடது பக்கத்துத் தோலுக்கு உணர்ச்சி மட்டும் வரவில்லை. இடது கையால் தம்ளரைப் பிடிப்பார். உள்ளே இருப்பது காபியா மோரா என்று அந்தக் கைக்குத் தெரியாது.

மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் குளிப்பது ஒரு பெரிய காரியமாக இருந்தது. நான் பக்கெட்டில் வெந்நீர் விளாவி வைப்பேன். அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வெளியே நான் இன்னொரு ஸ்டூலில் காவல் இருப்பேன். "தண்ணி சரியா இருக்கா?" என்று கேட்பேன். "ம்" என்பார். "சோப்பு கிடைச்சுதா?" "ம்." நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசித் தீர்த்த மனிதர் அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு நான்கு 'ம்' தருவார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அப்போதுதான் மகள் அந்த வால்வை அனுப்பினாள். பளபளவென்று முழங்கை நீளத்தில் ஓர் உருளை. சுடுதண்ணீர் இடது பக்கம் நுழையும், பச்சைத்தண்ணீர் வலது பக்கம் நுழையும், உள்ளே இருக்கும் ஒரு மெழுகுக் கட்டி இரண்டையும் கலந்து நாம் சொன்ன சூட்டில் கைஷவர் வழியாக வெளியே விடும். கலவை சூடாகிப்போனால் மெழுகு விரிந்து இடது பக்கத்தை அடைத்து வலது பக்கத்தைத் திறக்கும். ஆறிப்போனால் அதற்கு நேர்மாறாகச் செய்யும். ஒரு முனையில் எண்கள் போட்ட திருகு. முப்பத்தெட்டுக்கு மேலே கூட்ட வேண்டுமானால் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். குறைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. "இத வச்சா அப்பா தனியாவே குளிக்கலாம்மா. கைய வச்சுப் பாக்கக்கூட வேணாம்" என்றாள் மகள் போனில்.

வால்வு மாட்டிய மறுநாள் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் ஸ்டூலோடு வெளியே நின்றேன். நாற்பது நிமிடம் வரவே இல்லை. தண்ணீர் விழுவதும் நிற்பதும் விழுவதுமாகச் சத்தம் கேட்டது. நடுவில் ஏதோ ஒரு மெட்டை முனகினார். வெளியே வந்தபோது தலையை அவரே வாரியிருந்தார், வகிடு கோணலாக. அதற்கப்புறம் ஸ்டூலைப் பால்கனிக்குக் கொண்டுபோய் அதன் மேல் துளசித் தொட்டியை வைத்துவிட்டேன். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று.

இங்கே வெயில் காலத்தில் எல்லா வீட்டிலும் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பங்குனி பிறந்ததும் கீசர் சுவிட்சை அணைத்துவிடுவோம். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. வெயில் அதைக் காய்ச்சி எடுத்துவிடும். பதினோரு மணிக்கு மேல் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. ஆனால் கீசர் வீட்டுக்குள்ளே நிழலில் இருக்கிறது. சூட்டை உள்ளே வைத்திருக்கச் செய்த அதே கனத்த உறை, சூட்டை வெளியேயும் நிறுத்தி வைக்கும். விடியற்காலையில் அதில் நிரம்பிய தண்ணீர் மத்தியானம் வரை குளுகுளுவென்று இருக்கும். ஆகவே வெயில் காலத்தில் நாங்கள் சுடுதண்ணீர்க் குழாயில்தான் பச்சைத்தண்ணீர் பிடிப்போம். இதைக் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கியவளே நான்தான். வெப்பக் கடத்தல், காப்புறை என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். மூன்றாம் மாடிக்காரர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்வார்கள்.

போன வெயிலில், சித்திரை பிறந்து சில நாட்களில் அது நடந்தது. பிசியோதெரபி செய்ய வரும் பெண் பத்து மணிக்கு வந்து, எண்ணெய் தேய்த்துப் பயிற்சி கொடுத்துவிட்டுப் பதினொன்றே காலுக்குக் கிளம்புவாள். அதன் பிறகு இவர் குளிப்பார். அன்று காலை நான் குளித்துவிட்டு வரும்போது வால்வின் திருகு முப்பத்தெட்டில் நிற்பதைப் பார்த்தேன். இந்த வெயிலில் மனிதருக்கு எதற்கு முப்பத்தெட்டு என்று முப்பதுக்கு இறக்கி வைத்தேன். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைப்பதைப்போலச் செய்தேன், மறந்தும் போனேன்.

குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். பனியன் போடவில்லை. ரசம் ஊற்றப் பின்பக்கம் போனவள் கரண்டியோடு நின்றுவிட்டேன். இடது தோளிலிருந்து முதுகுப் பாதி வரை சிவந்து கிடந்தது. தோள்பட்டையில் இரண்டு கொப்புளங்கள்.

"இது என்னங்க?"

"எது?" என்றார். அவருக்குத் தெரியவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துச் சொன்னார். "எப்பவும்போல இடது தோள்லதான் ஷவர முதல்ல பிடிச்சேன். நிறைய நேரம் பிடிச்சேன்னு நினைக்கேன். வலது பக்கம் கொண்டுவந்ததும் சுட்டுது. உடனே நிறுத்திட்டேனே."

அவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். மருத்துவர் களிம்பு கொடுத்தார். ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் கதையே வேறு என்றார். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அவர் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே தனியாக் குளிக்கிற பேச்சே கிடையாது" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் பிளம்பர் ஊரூர் குப்பத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். அடையாறில் இரண்டு கட்டட வேலையைக் கையில் வைத்திருப்பவர். வீட்டு வேலை என்றால் காலை ஏழு மணிக்கு வந்துவிட்டு எட்டரைக்கெல்லாம் ஓடிவிடுவார். வந்து வால்வைக் கழற்றினார். தண்ணீர் நுழையும் இரண்டு வாயிலும் இருந்த வலைச் சல்லடைகளைத் தட்டி என் உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளை வெள்ளையாக உப்புக்கட்டி.

"போர் தண்ணிம்மா. அத்தான் அடச்சிக்கினு கீது" என்றார்.

சல்லடைகளை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டினார். கீசரைப் போட்டார். பத்து நிமிடம் காத்திருந்தோம். பள்ளியிலிருந்து நான் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்திருந்த வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு. நூல் பிடித்ததுபோல நின்றது. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். கீசரை அணைத்தேன்.

மத்தியானம் இவரை உள்ளே விடுவதற்கு முன் நானே ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று திருகை இருபத்தைந்துக்கு இறக்கிவிட்டுத் திறந்தேன். கையை இழுத்துக்கொண்டேன். கொதிக்கிறது. இருபதுக்கு இறக்கினேன். அப்போதும் அதே கொதிப்பு.

பிளம்பரைப் போனில் கூப்பிட்டுச் சாமியாடினேன். "நல்லாத்தானே இருந்திச்சி, நீங்களே பாத்தீங்களே" என்றார் பாவம். மகளுக்குப் போன் போட்டு அவளையும் ஒரு பிடி பிடித்தேன். மெழுகுக் கட்டி இருக்கும் கார்ட்ரிட்ஜ்தான் கெட்டிருக்கும் என்று அவள் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினாள். அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று.

அந்த மூன்று வாரம் நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன்.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். ஒருவர் உடம்பில் இன்னொருவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். முதல் நாள் அவர் இடுப்புத் துண்டை அவிழ்க்கவே இல்லை. ஈரத்துண்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பதற்றத்தில் தொணதொணவென்று பேசிக்கொண்டே ஊற்றினேன். கீழ்வீட்டுக் கல்யாணம், தக்காளி விலை, மகளின் புது வீடு, வாய்க்கு வந்ததெல்லாம். கையைத் தூக்குங்க என்றால் தூக்கினார். திரும்புங்க என்றால் திரும்பினார். நான் வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே கேட்டது. நிறுத்தத் தெரியவில்லை.

பத்தாம் நாள் "இன்னிக்கு வேணாம், துணிய நனைச்சுத் துடைச்சா போதும்" என்றார். பதினோராம் நாளும் அதையே சொன்னார். சென்னைச் சித்திரையில், எண்ணெய் தேய்த்த உடம்போடு. சட்டையை மாற்றச் சொன்னால் அதற்கும் எழுந்திருக்கவில்லை. பயிற்சியையும் குறைத்துக்கொண்டார். பிசியோதெரபிப் பெண் கீழே தெருவாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னாச்சு ஆன்ட்டி, அங்கிள் முயற்சியே பண்ண மாட்டேங்கிறாரே" என்றாள். நான் வெயிலைக் காரணம் சொன்னேன். பிளம்பரிடமும் மகளிடமும் அத்தனை வாய் பேசியவளுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அன்று படியேறி வந்து சமையலறையில் நின்று அழுதேன். அவர் காதில் விழாமல் இருக்க மிக்ஸியை ஓடவிட்டேன்.

புது கார்ட்ரிட்ஜ் வந்தது. பிளம்பர் வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கு வந்து மாட்டினார், கீசரைப் போட்டார், முப்பத்தெட்டு வந்தது. மத்தியானம் நான் குறைத்து வைத்துத் திறந்தேன். கொதித்தது. எனக்கு வால்வைச் சுவரோடு பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும்போல இருந்தது.

"ஆள் வந்தா ஒழுங்கா வேலை செய்யுது. ஆள் போனதும் திமிர் காட்டுது" என்று ஹாலில் வந்து புலம்பினேன். "இத எடுத்துட்டு பழைய குழாயவே மாட்டச் சொல்லிரலாம். பகல்ல உதவிக்கு ஒரு ஆள் வச்சுக்கிடலாம்னு சொல்லுதா உங்க மக. குளிக்க வச்சு, துணி மாத்தி விட்டு, எல்லாம் பாத்துக்கிடுவாங்களாம்."

ஆள் வைப்பது என்ற சொல் அவரை எங்கே தொட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு வேறு எதையோ பேசுவதுபோலச் சொன்னார்.

"கடைல டியூப்லைட்டுக்குக் கீழ பாத்தா எல்லாக் கலரும் மேட்ச்தான். நான் என்ன பண்ணுவேன்? துணியையும் பொடவையையும் தூக்கிட்டு அந்த அம்மாவத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போவேன். அவங்க கட்டிட்டு நிக்கப்போறது வெளிச்சத்துலதானே. அங்க பாத்துட்டு வேணாம்னு சொன்னா சொல்லட்டும்."

"அதுக்கு?"

"அந்தப் பிளம்பர் ஒரு நாளாவது பன்னண்டு மணிக்கு வந்து பாத்திருக்காரா?"

சோதனை எந்த நிலைமையில் செய்யப்பட்டதோ அந்த நிலைமைக்குத்தான் முடிவு பொருந்தும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மேட்சிங் சென்டர் வைத்திருந்தவர் அதை நடு ஹாலில் உட்கார்ந்து எனக்கு நடத்திவிட்டார்.

பிளம்பரைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரவழைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, முணுமுணுத்துக்கொண்டே வந்தார். குளியலறைக்குப் போகும் வழியில் அவர் கை தன்னால் கீசர் சுவிட்சுக்குப் போயிற்று.

"அதப் போடாதீங்க" என்றேன். "நாங்க எப்படிக் குளிக்கிறோமோ அப்படியே பாக்கணும். வெயில் காலத்துல நாங்க கீசர் போடறதில்ல."

"கீசர் போடாம இன்னாத்தம்மா டெஸ்ட் பண்றது?" என்று அலுத்துக்கொண்டார். வால்வுக்குக் கீழே பக்கெட்டுக்கான இரண்டு சாதாரணக் குழாய்கள் உண்டு. வலது குழாயைத் திறந்து கை வைத்தவர், "ஐயோ" என்று உதறினார். இடது குழாயைத் திறந்தார். ஜில்லென்று வந்தது. முகத்தில் அள்ளித் தெளித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, உங்க வூட்ல எல்லாம் உல்ட்டாவா கீது?"

"வெயில் காலத்துல எல்லார் வீட்லயும் அப்படித்தானே? நான்கூட இடது பக்கத்துக் குழாய்லதான் பிடிச்சு…"

பாதியில் நின்றுவிட்டேன். அவர் ஈர முகத்தோடு வால்வை நிமிர்ந்து பார்த்தார்.

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியுமா?"

எனக்கு அந்த மெழுகுக் கட்டி கண்முன்னே தெரிந்தது. அதற்கு இடது என்றால் சுடுதண்ணீர், வலது என்றால் பச்சைத்தண்ணீர். சித்திரை என்றும் மொட்டை மாடி என்றும் அதற்கு யார் சொன்னார்கள்? இருபதுக்குக் குறை என்று நான் கட்டளையிட்டால், அது பணிவாக இடது பக்கத்துக் குளிர்ந்த தண்ணீரை முழுக்க அடைத்துவிட்டு, வலது பக்கத்துக் கொதிக்கும் தண்ணீரை முழுக்கத் திறந்துவிடும். நான் குறைக்கக் குறைக்க அது இன்னும் இறுக்கமாக அடைக்கும். கெட்டுப்போனதே இல்லை. ஒவ்வொரு முறையும் சொன்ன சொல் தட்டாமல் வேலை செய்திருக்கிறது.

திருகைப் பிடித்து முப்பத்தெட்டுக்கு ஏற்றினேன்.

"கூட்டறீங்களா? வெந்து பூடும்மா" என்று பின்னால் நகர்ந்தார் பிளம்பர்.

திறந்தேன். சூடு போதவில்லை என்று அது இடது பக்கத்தை முழுக்கத் திறந்துவிட, குளிர்ந்த தண்ணீர் கொட்டியது. இரண்டு பேரும் சிரித்தோம். சுடுகிற தண்ணீரை ஆற்றச் சூட்டைக் கூட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டில் நின்ற திருகு. அதை முப்பதுக்கு இறக்கிய கை. அது என் வீட்டுக்காரருடைய கை இல்லை. என் கை. பங்குனி முழுக்க அவர் முப்பத்தெட்டில் வைத்து, கீசரில் இருந்த குளிர்ந்த தண்ணீரில் ஒரு குறையும் இல்லாமல் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருத்தி நல்லது செய்யப் போன அன்றுதான் வெந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பிளம்பர் ஏதோ கேட்டார், எனக்குக் காதில் விழவில்லை.

வெயில் முடியும் வரை இரண்டு பைப்பையும் குறுக்காக மாற்றி மாட்டித் தருகிறேன் என்றார் அவர். நல்ல யோசனைதான். ஆனால் திடீரென்று ஒரு நாள் மழை பெய்யும், யாராவது பாசத்தில் கீசரைப் போட்டுவிடுவார்கள், பச்சைத்தண்ணீர் வாயில் வெந்நீர் பாயும். அந்த 'யாராவது' யார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்ததால் வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் குளிக்கும் நேரத்தை மாற்றினேன். காலை ஆறரை மணி. அப்போது மாடித் தொட்டியும் ஆறியிருக்கும். திருகு எந்த எண்ணில் நின்றாலும் சுடுவதற்கு அங்கே தண்ணீரே கிடையாது. பிசியோதெரபிக்குப் பிறகு எண்ணெயைத் துடைத்துக்கொண்டால் போதும். ஐந்து நாள் விடிகாலையில் வெப்பமானியும் கையுமாக நின்று, எல்லா எண்ணிலும் வைத்துப் பார்த்தேன்.

அந்த ஐந்து நாளும் அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. "சரியாயிருச்சா?" என்று கேட்டார். "ஆயிருச்சு, தண்ணி மாறி வந்திருக்கு" என்றேன். பொய் இல்லை. முழுசும் இல்லை. பிளம்பரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்தது. அன்றைக்கே கேட்டுவிட்டேன், அவரும் இரண்டாவது காபி குடித்துவிட்டுப் போனார். மகளிடமும் கேட்டுவிட்டேன். இவர் முன்னால் போய் நின்றால்தான் நாக்கு எழவில்லை.

ஆறாம் நாள் காலை இழுப்பறையைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் காத்து நின்றார். கொப்புளம் இருந்த இடத்தில் தோல் புதிதாக, கொஞ்சம் வெளுத்து இருந்தது. நான் குந்தி உட்கார்ந்து முதல் திருகாணியை ஓட்டையில் வைத்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்குக் காலைல அந்தத் திருகு முப்பத்தெட்டுல இருந்துச்சு. நான்தாங்க முப்பதுக்குக் கொறச்சேன். அதனாலதான் சுட்டுருக்கு."

திரும்பிப் பார்த்தேன்.

"முப்பதுல இருந்துச்சு, பாத்தேன்" என்றார்.

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் பழையபடி வைக்கல?"

"நீதான மாத்தியிருப்ப." துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

கோபமோ குத்தலோ இல்லாமல், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் திருகாணியை விரலில் பிடித்தபடி இருந்தேன். பொத்தான் வைத்த வால்வு, மெழுகுக் கட்டி, மகள் சொன்ன உறுதிமொழி என்று எதை எதையோ நம்பி இந்த மனிதர் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று ஒன்றரை வருடம் நினைத்திருக்கிறேன். தாழ்ப்பாளை நான் கழற்றியபோது ஹாலில் உட்கார்ந்து அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததும் என் மேல் வைத்த இதே நம்பிக்கையில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று விட்டிருக்கிறார். "இனிமே நான் எத மாத்தினாலும் என்னன்னு கேளுங்க" என்றேன். குரல் வகுப்புக் குரலாக வரவில்லை.

"சரி" என்றார். "அந்த ஆணி கோணலாப் போகுது."

நேராக்கி முறுக்கினேன். நான்கையும் முடித்து, தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டேன். அவர் உள்ளே போனார். முதலில் வலது கையைத் தண்ணீருக்கு நீட்டினார். நான் கேட்காமலே "சரியா இருக்கு" என்றார். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கால் என்னை அறியாமல் பால்கனிக்குப் போய்விட்டது. துளசித் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்தம் வராமல் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர் நின்றது.

"அங்க உக்காந்திருக்கியா?"

"இல்லையே" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது. நான் எழுந்து, ஸ்டூலைக் கொண்டுபோய் அதன் மேல் துளசியை வைத்துவிட்டு, காபி போடப் போனேன்.